‘தெரியாது சார்!’

(தலைப்பு: நேர்முகத் தேர்வில் வேலை வாங்கித் தருவது சாமர்த்தியமா? உண்மையா? ‘உண்மையே’ அணியில் மூன்றாவதாகப் பேசியவர், சேலையூரைச் சேர்ந்த ஒரு பெண் பொறியாளர்.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். “இண்டர்வியூவிலே ‘தெரியாது’ங்கிற வார்த்தை வாயிலேயே வரக்கூடாது. கேள்வி தெரியலேன்னா, தெரிஞ்ச ஊருக்கு வண்டியைத் திருப்பிடணும்” என்றார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். பேச்சு அப்படி! (சிரிப்பு) ஆனா தம்பி, நீங்க திருப்பின வண்டி எந்த ஊருக்குப் போய்ச் சேரும்னு நான் கொஞ்சம் சொல்லணும். ஏன்னா மேஜைக்கு அந்தப் பக்கமும் நான் உட்கார்ந்திருக்கேன், இந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கேன்.

நான் இருபது வருஷத்துக்கு மேலாக சிப் டிசைன் துறையில் வேலை பார்க்கிறேன். சிப்புன்னா முன் வரிசைப் பாட்டி தப்பா நினைச்சுக்கக் கூடாது, உருளைக்கிழங்கு இல்லே. (சிரிப்பு) உங்க பேரன் கையிலே வெச்சிருக்கானே செல்போன், அதுக்குள்ளே நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு இருக்கு. அதுக்குள்ளே கோடிக்கணக்கான சின்னச் சின்ன ஸ்விட்சுகள். அவற்றை எப்படி எப்படி இணைக்கணும்னு யோசிக்கிறவங்கதான் நாங்க.

இதுல ஒரு சங்கதி இருக்கு. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுறவங்க தப்புப் பண்ணினா, ராத்திரியோட ராத்திரியா திருத்தி அனுப்பிடலாம். உங்க போன்ல ‘அப்டேட்’னு வருதே, அதுல பாதி அதுக்குத்தான். எங்க வேலையில அது நடக்காது. டிசைனை முடிச்சு, அச்சு எடுத்து, தொழிற்சாலைக்கு அனுப்பி, சிப்பு கைக்கு வர மாசக்கணக்காகும். அந்த அச்சுக்கே பல கோடி ரூபாய். உள்ளே ஒரு கம்பி தப்பா இணைஞ்சிருந்தா இணைஞ்சதுதான். கோலத்துல புள்ளி தப்பினா அழிச்சுப் போடலாம். கல்வெட்டுல எழுத்து தப்பினா?

அதனாலதான் எங்க வேலையில பாதிக்கு மேல் நேரம், செஞ்சதுல தப்பு எங்கே இருக்குன்னு தேடுறதிலேயே போகுது. அதுக்குத் தனிப் பேரே இருக்கு, வெரிஃபிகேஷன்னு. அப்படிப்பட்ட இடத்துக்கு ஆள் எடுக்கும்போது, தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிப் பேசுறவரை எடுக்கலாமா நடுவர் அவர்களே?

1994-ஆம் வருஷம் ஒண்ணு நடந்தது. இண்டெல் கம்பெனியின் பெண்டியம் சிப். அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் வாங்கினவங்களுக்கு ஞாபகம் இருக்கும், பெட்டி மேலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. அமெரிக்காவுல தாமஸ் நைஸ்லி என்று ஒரு கணிதப் பேராசிரியர். பகா எண்களை வெச்சு ஏதோ கணக்குப் போட்டுக்கிட்டிருந்தார். விடை சரியா வரலே. தன் மேல சந்தேகப்பட்டார், புரோகிராம் மேல சந்தேகப்பட்டார், மாசக்கணக்கா ஒவ்வொண்ணா விலக்கிக்கிட்டே வந்து, கடைசியில ‘தப்பு சிப்புலதான்’னு சொன்னார். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தா 1.3338 என்று வரணும். பெண்டியம் 1.3337 என்று சொன்னது. தசமப் புள்ளிக்கு அப்புறம் நாலாவது இடத்திலேயே கோளாறு! வகுத்தல் செய்ய உள்ளே ஒரு அட்டவணை வெச்சிருந்தாங்க. நாம சின்ன வயசுல படிச்ச வாய்ப்பாடு மாதிரின்னு வெச்சுக்குங்களேன். அதுல அஞ்சே அஞ்சு இடத்துல எண் விட்டுப் போச்சு. அவ்வளவுதான்.

கம்பெனி என்ன பண்ணிச்சு? முதல்ல எதிரணி சொல்ற சாமர்த்தியத்தைத்தான் பண்ணிச்சு. (சிரிப்பு) “சாதாரண ஆளுங்களுக்கு இது பாதிக்காது, உங்களுக்குப் பாதிக்கும்னு காட்டுங்க, மாத்தித் தர்றோம்”னு சொல்லிச்சு. ஜனங்க விடலே. கடைசியில அந்த வருஷம் டிசம்பர் மாசம், கேட்கிற எல்லாருக்கும் மாத்தித் தர்றோம்னு இறங்கி வந்தாங்க. செலவு 47.5 கோடி டாலர்! அஞ்சு இடத்துக்கு! (கைதட்டல்)

சரி, அமெரிக்கா போதும். நம்ம தாம்பரத்துக்கு வருவோம்.

எங்க அப்பா தாம்பரம் மின்சார ரயில் ஷெட்டுல ஃபிட்டர். நாங்க வளர்ந்தது ரயில்வே காலனியில. சானடோரியத்துல ஏற்றுமதி மண்டலம், மெப்ஸ்னு சொல்வாங்களே, 1984-ல வந்தது, அங்கே காலையில ஷிப்டுக்கு வரிசையாப் போற அக்காக்களைப் பார்த்துதான் எனக்கு எலக்ட்ரானிக்ஸ்னு ஒரு வார்த்தையே தெரியும். என்ஜினீயரிங் சேர்த்தார் அப்பா. 2002-ல முடிச்சேன்.

இப்போ ஒரு குற்றத்தை இந்த மேடையிலே ஒத்துக்கறேன். கடைசி வருஷ ப்ராஜெக்டை நான் செய்யலே. ரிச்சி தெருப் பக்கம் ஒரு கடையிலே ரெடிமேடா வாங்கினோம், நாலு பேர் சேர்ந்து. பெட்டி, அறிக்கை, பைண்டிங் எல்லாம் சேர்த்து ஒரே விலை. (சிரிப்பு) அதையே பயோடேட்டாவிலும் கம்பீரமா எழுதிக்கிட்டு முதல் இண்டர்வியூவுக்குப் போனேன். கம்பெனி பேர் வேண்டாம். அங்கே இருந்தவர் மூணே கேள்விதான் கேட்டார். “இந்தப் பகுதியை ஏன் இப்படி வெச்சீங்க? வேற மாதிரி வெச்சா என்ன ஆகும்? இதுல எது உங்களை ரொம்பக் கஷ்டப்படுத்திச்சு?” செஞ்சவளுக்குத்தானே கஷ்டம் தெரியும்? நான் வண்டியை வேற ஊருக்குத் திருப்பினேன், தம்பி சொன்ன மாதிரியே. அவர் பொறுமையாக் கேட்டுட்டு, “தேங்க் யூ”ன்னார்.

கிண்டியில ரயில் ஏறினேன். தாம்பரம் பிளாட்பாரத்துல அப்பா யூனிபாரத்தோட நின்னுக்கிட்டிருந்தார். “என்னம்மா?”ன்னார். “நல்லாப் பண்ணினேன்பா. லெட்டர் போடறேன்னாங்க”ன்னு சொல்லிட்டேன். ரெண்டு வாரம், நடுவர் அவர்களே, ரெண்டு வாரம் எங்க அப்பா தினமும் தபால்காரர் வர்ற நேரத்துக்கு வாசல்ல நின்னார். அந்த லெட்டர் வராதுன்னு எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

(அரங்கில் அமைதி)

அடுத்த இண்டர்வியூவுக்கு நாலு மாசம் கழிச்சுப் போனேன். அந்த ப்ராஜெக்டை பயோடேட்டாவிலேர்ந்து எடுத்துட்டேன். கேள்வி வந்தது: “செட்டப் டைம், ஹோல்டு டைம்னா என்ன?” இன்னிக்கும் சிப் டிசைன் இண்டர்வியூவுக்குப் போற எந்தப் பிள்ளையும் இந்தக் கேள்விகிட்டே இருந்து தப்பிக்க முடியாது. எனக்கு வரி மறந்து போச்சு. “தெரியாது சார். ஆனா யோசிச்சுப் பார்க்கலாமா?”ன்னு கேட்டேன். அவர் எழுந்து மார்க்கர் பேனாவை என் கையில கொடுத்தார்.

அது என்னன்னு உங்களுக்கும் சொல்லிடறேன், புரியாம எழுந்து போகக் கூடாது. அதுக்கு முந்தின வாரம்தான் பல்லாவரத்துல எங்க சித்தி பொண்ணு கல்யாணம். குரூப் போட்டோ. போட்டோகிராபர் கிளிக் பண்றதுக்குக் கொஞ்சம் முன்னாலேயே எல்லாரும் வந்து அசையாம நின்னுடணும். அது செட்டப். கிளிக் ஆனதும் உடனே ஓடிடக் கூடாது, ஒரு விநாடி நிக்கணும். அது ஹோல்டு. சிப்புக்குள்ளே கடிகாரத் துடிப்பு ஒண்ணு இருக்கு, அதுதான் அந்த கிளிக். ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னாலும் பின்னாலும் தகவல் அசையாம நிக்கணும். அசைஞ்சா படம் கலங்கிடும்.

உடனே அவர் கேட்டார், “கடிகாரத்தை மெதுவாக்கினா எந்தத் தப்பு சரியாகும்?” இதுதான் உயிரான கேள்வி. நான் போர்டு முன்னால பேந்தப் பேந்த நின்னேன். அப்புறம் கல்யாண வீட்டையே நினைச்சுப் பார்த்தேன். பெரியப்பா மெதுவா நடந்து வர்றார், படத்துக்குள்ளே வந்து சேர முடியலே. போட்டோகிராபர் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல கொஞ்சம் கூடுதல் நேரம் விட்டா, பெரியப்பா வந்து நின்னுடுவார். ஆக, செட்டப் தப்பு சரியாகும். ஆனா ஒரு வாண்டுப் பயல் இருக்கானே, கிளிக் சத்தம் கேட்ட கணமே ஓடுறவன், அவன்? நீங்க படத்துக்குப் படம் அரை மணி நேரம் விட்டாலும் அவன் கிளிக் கேட்டதும் ஓடத்தான் செய்வான்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) ஹோல்டு தப்பு கடிகாரத்தை மெதுவாக்கினாலும் போகாது. செட்டப் தப்போட வெளியே வந்த சிப்பை மெதுவாகவாவது ஓட்டிப் பிழைச்சுக்கலாம். ஹோல்டு தப்போட வந்தா குப்பைத் தொட்டிதான்.

முப்பது, நாப்பது நிமிஷம் ஆச்சு எனக்கு. இடையில ரெண்டு தடவை தப்பாச் சொன்னேன். வேலை கிடைச்சது. பின்னாடி ஒரு நாள் அவர்கிட்டேயே கேட்டேன், “ஏன் சார் எடுத்தீங்க?”ன்னு. “தப்புன்னு தெரிஞ்சதும் நீயே அழிச்சேம்மா” என்றார்.

எதிரணி அக்கா ஒரு கேள்வி கேட்டாங்க. “எங்க காலத்துக் கதையெல்லாம் சரி, தமிழ் மீடியத்துல படிச்ச பிள்ளை, இங்கிலீஷ்ல வாய் திறக்கவே நடுங்குது, அதுக்கு உண்மை மட்டும் போதுமா?”ன்னு. நியாயமான கேள்வி அக்கா. முதல் அஞ்சு நிமிஷத்துல இங்கிலீஷைக் கேட்டே ஆளை எடை போடுறவங்க எங்க துறையிலேயும் இருக்காங்க. அது எங்க குறை, நான் மறைக்க மாட்டேன். ஆனா போர்டுல படம் வரைஞ்சு காட்டுற வேலையிலே வாய் கொஞ்சம் தடுமாறினாலும் கை பேசும்.

இன்னொண்ணு. நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. தாம்பரத்துக்கு ரெண்டு ஸ்டேஷன் முன்னாடி. 1949-ல சி. ராஜம் அவர்கள் தொடங்கினது. அங்கே விமானப் பொறியியல் படிச்ச அப்துல் கலாம் 1958-ல ரெண்டு இண்டர்வியூவுக்குப் போனார். டில்லியில பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவு, டேராடூன்ல விமானப்படை. டேராடூன்ல அறிவைவிட ஆளுமையைத்தான் அதிகம் பார்த்தாங்கன்னு அவரே எழுதியிருக்கார். 25 பேர்ல ஒன்பதாவதா வந்தார். எடுத்தது எட்டுப் பேரை! மனசு ஒடிஞ்சு ரிஷிகேஷ் வரை போனார். வேலை கொடுத்தது டில்லி. அடிப்படைச் சம்பளம் மாசம் 250 ரூபாய். மிடுக்கைப் பார்த்த இடம் அவரை விட்டுடுச்சு, படிப்பைப் பார்த்த இடம் எடுத்துக்கிச்சு. (கைதட்டல்)

இப்போ நிலைமை எங்கேயோ போயாச்சு. இங்கே கிண்டி ஐ.ஐ.டி.யிலே மாணவர்களும் ஆசிரியர்களுமா சேர்ந்து ‘சக்தி’ன்னு சொந்தமா ஒரு பிராசஸரையே வடிவமைச்சாங்க, 2018-ல சண்டிகர்ல நம்ம நாட்டு ஆலையிலேயே அதை வார்த்தெடுத்தாங்க. 2024 மார்ச்சுல தரமணியிலே குவால்காம் கம்பெனி 177.27 கோடி ரூபாய் முதலீட்டுல டிசைன் மையம் திறந்து, 1600 பேர் வரைக்கும் வேலைன்னு அறிவிச்சாங்க. செய்தி வந்த மறுநாளே எங்க சேலையூர் தெருவிலே, “ஏம்மா, என் பையனை இதுல சேர்த்து விட முடியுமா”ன்னு மூணு வீட்டுல கேட்டாங்க. பெத்தவங்க ஆசை. தப்பில்லே. ஆனா அந்த ஆசையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கடை வியாபாரம் நடக்குது. அன்னிக்கு ரிச்சி தெருப் பக்கம் பெட்டியா வித்தாங்க. இன்னிக்கு ‘கோர்ஸ்’னு விக்கிறாங்க. நல்லாச் சொல்லிக் கொடுக்கிற இடமும் இருக்கு, எல்லாரையும் சொல்லலே. நான் சொல்றது கேள்வி-பதில் நோட்டை விக்கிற இடத்தை.

போன வருஷம் ஒரு நாள் காலையிலேர்ந்து இண்டர்வியூ எடுக்கிறேன். அஞ்சு பேர். அஞ்சு பேரும் செட்டப், ஹோல்டுக்கு ஒரே வரியிலே பதில். கமா கூட மாறலே. (சிரிப்பு) அதோட அஞ்சு பேரும் ஒரே தப்பு: “ஹோல்டு தப்பையும் கடிகாரத்தை மெதுவாக்கிச் சரி பண்ணலாம்.” அந்த நோட்டை எழுதின புண்ணியவான் எங்கேயோ தப்பா எழுதிட்டார், பிள்ளைங்க அதையும் சேர்த்து மனப்பாடம் பண்ணிட்டாங்க!

அஞ்சாவதா வந்த பையன் முடிச்சூர்க்காரன். பயோடேட்டாவிலே ‘டிராஃபிக் சிக்னல் கண்ட்ரோலர்’ ப்ராஜெக்ட். நான் கேட்டேன்: “கரண்ட் போயிட்டு வருது. உன் சிக்னல் எந்த விளக்குலேர்ந்து ஆரம்பிக்கும்? நாலு பக்கமும் பச்சை எரிஞ்சா தாம்பரம் மேம்பாலத்தடியிலே என்ன ஆகும்?” பையன் தலை குனிஞ்சான். கொஞ்ச நேரம் கழிச்சுத் தமிழ்ல சொன்னான், “மேடம், இது நான் பண்ணினது இல்லே. எல்லாருக்கும் ஒரே ப்ராஜெக்டைக் கொடுத்தாங்க.”

அன்னிக்குக் கேட்ட முதல் உண்மை அதுதான். மார்க்கரைக் கொடுத்தேன். “இப்போ பண்ணு”ன்னேன். நடுங்கிக்கிட்டே வரைஞ்சான். அரைவாசிக்கு மேல வந்துட்டான். நான் எடுக்கலாம்னு சொன்னேன். கூட இருந்த ரெண்டு பேர், “பயோடேட்டாவிலே பொய் எழுதியிருக்கான், நாளைக்கு டிசைன்லயும் எழுத மாட்டான்னு என்ன நிச்சயம்?”னு கேட்டாங்க. என்கிட்டே பதில் இல்லே. நான் ரெண்டு மணி நேரமா பேசிக்கிட்டிருந்த அதே நியாயம்தானே அது? அவனை எடுக்கலே.

எதிரணித் தம்பி சிரிக்கிறார், ‘உண்மையைச் சொன்னான், வேலை போச்சு பார்’னு. சிரிங்க தம்பி. அந்த இடத்துல நான் தோத்ததாவே வெச்சுக்குங்க.

அன்னிக்கு சாயங்காலம் தாம்பரத்துல இறங்கினேன். படிக்கட்டுப் பக்கம் அதே பையன், காதுல போன். என்னைப் பார்க்கலே. “நல்லாப் பண்ணியிருக்கேம்மா. சொல்றேன்னாங்க. நகையைப் பத்தி நீ கவலைப்படாதே”ன்னு பேசிக்கிட்டிருந்தான்.

என் காலு நகரலே நடுவர் அவர்களே. இருபது வருஷத்துக்கு முன்னாலே அதே ஸ்டேஷன்ல எங்க அப்பாகிட்டே நான் சொன்ன அதே வார்த்தை. போய் அவன் முன்னால நின்னேன். திகைச்சுப் போயிட்டான். “தம்பி, அம்மாகிட்டே வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொல்லு. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வா. அந்த சிக்னலை நீயே பண்ணு”ன்னேன்.

(நடுவர் மணி அடிக்கிறார்)

ஒரு நிமிஷம் ஐயா, முடிச்சுடறேன். அம்மாவோட வந்தான். அந்த அம்மா வாசல்லேயே நின்னுக்கிட்டு, “இவன் என்கிட்டே சொல்லியிருக்கலாமே”ன்னு அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாங்க. நகையைப் பத்தி ஒரு வார்த்தை பேசலே. பையன் ஆறு மாசமா ஞாயித்துக்கிழமை வர்றான். நோட்டை மூட்டை கட்டியாச்சு. போன வாரம் ஒரு சின்ன போர்டை எடுத்துக்கிட்டு வந்தான், மூணு கலர் விளக்கு வெச்சு. எங்க வீட்டு ஸ்விட்சை அவனே அணைச்சான், அவனே போட்டான்.

சிவப்புதான் எரிஞ்சது, ஐயா. நாலு பக்கமும் சிவப்பு. (நீண்ட கைதட்டல்)

அடுத்த வாரம் தரமணியிலே ஒரு இண்டர்வியூவாம்.